ஆவடியிலிருந்து வந்த ஆள்

மெக்கானிக் வேம்புலி சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு, வந்ததும் வராததுமாகக் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வெளியே தெரிந்தது அவனுடைய காக்கிக் கால்சட்டையும் வெடித்த குதிகாலும்தான். நூம்பல் கிராமத்தில் நாகவல்லியின் வீட்டு வாசலில் ஒரு அம்பாசடர் வந்து நிற்பதே அதிசயம். அதன் கீழே ஒருவன் மல்லாந்து கிடப்பது அதைவிட அதிசயம் என்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அத்தனை பேருக்கு நடுவில் சம்பத் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலையை நாகவல்லியால் பார்க்க முடியவில்லை. கூடப் பிறந்த அண்ணன். வண்டியை விற்கிறவனும் அவன்தான்.

“யாரு வல்லி இவன்?”

“ஆவடி ஒர்க்‌ஷாப்புக்காரர்ண்ணா. வாங்கறதுக்கு முன்ன ஒரு தபா பாத்துடட்டும்னு நான்தான் வரச்சொன்னேன்.”

“ஏன், பூந்தமல்லில ஆளே இல்லியா?”

பூந்தமல்லி டாக்சி ஸ்டாண்டில் எவனைக் கூப்பிட்டாலும் அவன், அங்கேயே டாக்சி ஓட்டும் சம்பத்தோடு டீ குடிக்கிறவனாகத்தான் இருப்பான். அதனால்தான் பஸ் ஏறி ஆவடி வரைக்கும் போனாள். இதை எந்த வாயால் சொல்வது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான் அவள் புருஷன் ஜானகிராமன். கம்பெனியை இழுத்து மூடியபோது கைக்கு வந்தது அத்தனையும், போதாததற்கு அவள் கழுத்துச் சங்கிலியும், இந்த வண்டிக்குத்தான் போகப்போகிறது. இனி அவன் டாக்சி ஓட்டித்தான் அடுப்பு எரியவேண்டும். வண்டி மக்கர் செய்தால் குடும்பம் நடுத்தெருவில்தான். சம்பத்தோ லேசுப்பட்ட ஆளா! மடி வற்றிய எருமையைச் சொந்தச் சித்தப்பா தலையிலேயே கட்டியவன். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்; அவளும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். இப்போது படுத்தால் தூக்கம் வராமல் அந்த எருமைதான் கண்ணில் வந்து நின்றது. ஜானகிராமனுக்கு இந்த ஏற்பாட்டில் இஷ்டமே இல்லை. “மச்சான் வண்டிய ஆள் வச்சிப் பாத்தா, நாளிக்கி அவரு மூஞ்சில எப்டி முழிக்கறது?” என்றான். “நீ கம்னு இரு. எங்கண்ணன், நான் பேசிக்கிறேன்” என்று அவனை அடக்கிவிட்டாள். பேசிக் கிழித்தாள்!

வேம்புலி எழுந்து வந்து பானெட்டைத் திறந்து பார்த்தான். வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பினான். கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“கல்லு மாரி கீதும்மா வண்டி. கண்ண மூடிக்கினு வாங்கு. ஒண்ணுதான் புர்ல. கிளட்சு பிளேட்டு புதுசு, பிரேக்கு புதுசு, டயரு புதுசு. இப்பத்தான் மாத்தினாப்ல கீது. விக்கப்போற வண்டிக்கு எவன்யா இம்மாஞ் செலவு பண்ணுவான்?”

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“தங்கச்சி ஊட்டுக்குப் போற வண்டின்னு மாத்தினேம்ப்பா” என்றான் சம்பத். வேம்புலியிடம்தான் சொன்னான். அவள் பக்கம் திரும்பவில்லை.

நாகவல்லி அந்தப் புது டயர்களைப் பார்த்தாள். சந்தோஷப்படவேண்டிய நேரம். ஆனால் பாழாய்ப்போன மனசு, ஒரு துருவாவது, ஒரு ஒழுக்காவது இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று கிடந்து அடித்துக்கொண்டது. அப்படி இருந்திருந்தால் அவள் நிமிர்ந்து நின்று சண்டையாவது போட்டிருப்பாள். ஒன்றுமே இல்லாத வண்டியின் முன்னால் என்ன பேசுவது?

சம்பத் சாவியை ஜானகிராமன் கையில் வைத்தான். “பாத்து ஓட்டு மாப்ளே” என்றான்.

“உள்ள வாண்ணா. வெரா மீன் கொழம்பு வச்சிகீறேன்.”

வழக்கமாக அவள் கூப்பிடவே வேண்டாம். நேராக அடுப்பங்கரைக்கு வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவன் அவன்.

“இருக்கட்டும்மா. ஏவாரத்துக்கு வந்த எடத்துல கை நனைக்கறதில்ல.”

அம்மா என்று அவளை அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வல்லி என்பான், கோபம் வந்தால் கழுதை என்பான். சவாரிக்கு வரும் முகம் தெரியாத பெண்களைத்தான் அம்மா என்பான். செருப்பை மாட்டிக்கொண்டு வேலப்பன்சாவடி ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்தான்.

“இன்னாயா மரமாட்டம் நிக்கிற? எடு வண்டிய!” என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

மண் ரோட்டில் வண்டி சம்பத்தை எட்டிப் பிடித்து, அவன் நடைக்கு ஈடாக ஊர்ந்தது. பின்சீட்டிலிருந்து கதவைத் திறந்துபிடித்தபடி, “ஏறுண்ணா... தப்புதாண்ணா, ஏறு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் ரோட்டைப் பார்த்தே நடந்தான். ஜானகிராமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். கடைசியில் அவளும் இறங்கி நடந்தாள். செருப்புகூடப் போடாமல் ஓடிவந்திருக்கிறோம் என்பது கால் சுட்டபோதுதான் தெரிந்தது.

அண்ணன் முன்னால், அவள் பின்னால், அவளுக்கும் பின்னால் கதவு திறந்தபடி கார். ஹைரோடு வரை அப்படியே போனார்கள். ஸ்டாப்பில் அவன் நின்றதும் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதறவில்லை, திரும்பவும் இல்லை. பூந்தமல்லி பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. படியிலிருந்து எட்டிப்பார்த்த கண்டக்டர், அண்ணனையும் தங்கையையும் பின்னால் நின்ற காரையும் பார்த்தார்.

“யாருய்யா ஏர்றது?” என்றார், விசிலை வாயருகே வைத்துக்கொண்டு.