முப்பத்திரண்டுக்கு நூறு கிரெயின்

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல், குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி வைத்த மேசையைச் சுற்றி நின்றவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாத பலர் இருந்ததாக இன்று சொல்லிக்கொள்கிறார்கள். துப்பாக்கி சுடும் போட்டியை நடத்தும் டெலியா கின்டானா. குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் டுவைட் லோமாக்ஸ். என் நெடுநாள் நண்பன் எம்மெட் டீக். என் மகள் வெர்னா. அப்புறம் நான், ஹாலிஸ் ராக்ஸ்டேல். லோமாக்ஸின் நாய் வண்டிக்கு அடியில் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

எங்கள் சங்கத்தில் சுடுகிற எல்லோருக்கும் ஒரு புனைபெயர் வேண்டும். பழைய மாதிரி உடை, பழைய மாதிரி ரிவால்வர், அதற்கேற்ற பெயர். லோமாக்ஸ் 'இரும்பு மீசை'. வெர்னா 'செங்குளவி'. சேர்ந்த அன்று எனக்கு இதெல்லாம் தேவையில்லை என்றேன். விதி என்றார்கள். சரி என்று என் தாத்தாவின் பெயரைக் கொடுத்தேன். ஆகையால் போட்டி நாட்களில் நான் ஜோசையா ராக்ஸ்டேல். வேறு குடும்பத்துப் பெயரில் நான் எதையும் சுட்டதில்லை.

எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து காலிபர் ரிவால்வரால் சுடுவதுதான் வழக்கம். வெர்னாவும் முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கியதில்லை. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் ஒரு இளங்குதிரை அவளை வேலிமேல் தூக்கி எறிந்தது. வலது மணிக்கட்டுக்குள் இப்போது எஃகுத் தகடு இருக்கிறது. முப்பத்தெட்டு சுடும்போது பின்னால் உதைத்தால் கண்ணில் நீர் வரும். அவள் அதை யாருக்கும் காட்டமாட்டாள். அதனால் முப்பத்திரண்டுக்கு மாறினாள். அந்தச் சின்ன ரிவால்வர்கள் வீட்டுக்கு வந்த நாளில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.

தோட்டாக்களை அவளே நிரப்புவாள். எழுபத்தெட்டு கிரெயின், அதாவது ஐந்து கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, சுருக்கென்று எரியும் வெடிமருந்தில் ஒரு சிட்டிகை. சுட்டால் பூனை மடியில் கால் வைத்த மாதிரிதான் இருக்கும். ஆனால் எங்கள் விளையாட்டில் எவ்வளவு மென்மையாகவும் சுடலாம் என்பது கிடையாது. குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, கடைசி மூன்று இலக்கங்களை விட்டால், குறைந்தது அறுபது வர வேண்டும். வீட்டில் அவள் அளந்தபோது அறுபத்திரண்டு வந்தது. நானும் பார்த்தேன்.

அன்று காலைப் பயிற்சியில் நிற்கும் தகடுகளைச் சாய்க்க வேண்டும். வெர்னாவின் குண்டு தகட்டில் பட்டு மணி போல ஒலித்தது. தகடு ஆடியது, விழவில்லை. அடுத்ததும் அப்படியே. இரண்டு தடமும் தகட்டின் அடிப்பக்கமாக இருந்தன.

"வெர்னா, நீ சுடறது குண்டா, சோளப்பொரியா?" என்றான் லோமாக்ஸ்.

"உன் மீசைல ஒட்டிக்கிட்டிருக்கறதைப் பார்த்துட்டு கேக்கறியா?" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்கலாம். லோமாக்ஸ் நேராக டெலியாவிடம் போய், செங்குளவியின் தோட்டாவை அளக்க வேண்டும் என்று கேட்டான். எந்தப் போட்டியாளருக்கும் அந்த உரிமை உண்டு. கேட்டதற்காக நான் அவனைக் குறை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டான், அதைச் சொல்கிறேன்.

பிற்பகலில் டெலியா வெர்னாவின் பெட்டியிலிருந்து தானே தோட்டாக்களைப் பொறுக்கி எடுத்தாள்.

"வரிசையில எப்படி சுடுவியோ அப்படியே சுடு. உறையிலிருந்து எடு, ஒரு தடவை சுடு, திரும்ப உறையில வை. அஞ்சு தடவை."

வெர்னா சுட்டாள். வேகமானியின் சின்னத் திரையை டெலியா குனிந்து பார்த்தாள், கணக்குப் போட்டாள், மறுபடி போட்டாள்.

"அம்பத்தாறு," என்றாள் மெதுவாக.

லோமாக்ஸ் இப்போது சிரிக்கவில்லை. "நான் வேணும்னு சொல்லலை, ராக்ஸ்டேல் ஐயா. விதி விதிதானே."

"உன்னை யாரும் ஒண்ணும் கேக்கலை," என்றேன்.

விதி என்ன செய்யும் என்று எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். சூரியன் மறைவதற்குள் வேறு தோட்டா கொண்டுவந்து அளந்து தேற வேண்டும். இல்லையென்றால் மறுநாள் போட்டியில் இடமில்லை. அது கிடக்கட்டும். காலையில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி நிற்கும் கூட்டத்தில், யார் எதற்காக விலக்கப்பட்டார்கள் என்று பெயரோடு வாசிப்பார்கள். ராக்ஸ்டேல், வலுக்குறைந்த தோட்டா. அந்தச் சங்கத்து வாயில் பலகைக்கு மரம் அறுத்துக் கொடுத்தது என் தகப்பனார்.

எம்மெட் என் பக்கம் சாய்ந்தான். நல்லவன், ஆனால் அவன் ரகசியம் பேசினால் மேசா மேட்டுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

"ஹாலிஸ், இன்னொரு தடவை அளக்கச் சொல்லு. இந்தத் தடவை புள்ளை குழலை மேல தூக்கிட்டு, அப்புறமா இறக்கிச் சுடட்டும். மருந்து பின்னால வந்து உக்காந்துக்கும். அறுபது தாண்டிடும்."

அவன் சொன்னது உண்மை. தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் பாதிக்கு மேல் வெற்றிடம். உறையிலிருக்கும்போது குழல் தரையைப் பார்க்கிறது, மருந்து முன்னால் குண்டின் பக்கம் சரிந்துவிடுகிறது. தோட்டாவின் அடியில் பொறி கிளப்பும் பிரைமரின் தீ அதை எட்டிப் பிடிப்பதற்குள் வலு போய்விடும். குழலைத் தூக்கிவிட்டுச் சுட்டால் மருந்து பிரைமரின் மேலேயே கிடக்கும். வீட்டில் வெர்னா மேசைமேல் முழங்கையை ஊன்றி, குழல் வானம் பார்க்க ரிவால்வரின் சுத்தியலை இழுத்து, பிறகு இறக்கிச் சுட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அறுபத்திரண்டு வந்தது அதனால்தான்.

டெலியாவுக்கும் கேட்டிருந்தது. "இன்னொரு தடவை அளக்கலாம், ஐயா. எப்படிப் பிடிக்கணும்னு விதியில ஒண்ணும் இல்லை. நான் தடுக்கமாட்டேன்."

"வேண்டாம்," என்றோம் நானும் வெர்னாவும் ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போகவில்லை. பெட்டியை மூடு, வீட்டுக்குப் போகலாம் என்றேன். தலை நிமிர்ந்து நாமே விலகிக்கொண்டால் வாசிக்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

"வீட்டுக்குத்தான் போறோம்," என்றாள் வெர்னா. "டெலியா, சூரியன் மறையற வரைக்கும் மேசையை எடுத்துடாதே."

வெர்னா வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் வண்டியை ஓட்டினாள்.

கொட்டகையில் தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் முன்னால் நின்று அலமாரியைப் பார்த்தாள். நான் வாசலில் நின்றேன்.

"அதே குண்டுக்கு மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு. முடிஞ்சது வேலை."

"கூட்டினா அறுபத்தொண்ணு வரும்பா. காலைல குளிருக்கு அம்பத்தொம்பது ஆயிடும். ஒவ்வொரு தடவையும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?" எழுபத்தெட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "அதோட இது தாழத்தான் படுது. தகட்டோட காலைத் தட்டினா அது எப்படி விழும்?"

அது சரி. அந்த ரிவால்வர்களில் குறி பார்க்கும் முனையை நகர்த்த முடியாது. லேசான குண்டு, உதைப்பில் குழல் மேலே எழும்புவதற்குள் வெளியே போய்விடும், அதனால் தாழ்வாகப் படும். கனமான குண்டு சற்றுத் தாமதிக்கும், அதற்குள் குழல் எழும்பிவிடும், உயரே படும்.

"அப்போ நூத்திப்பதினஞ்சு கிரெயின் குண்டைப் போடு. நத்தை மாதிரி போனாலும் கணக்கு வந்துடும்."

"கணக்கு வரும். ஆனா நத்தை மாதிரி போகணும்னா மருந்து இன்னும் குறையும், கூட்டுக்குள்ள இன்னும் உருளும். ஒண்ணு வலு இல்லாம குழலுக்குள்ளயே நின்னுட்டா? அவசரத்துல நான் அடுத்ததைத் தட்டிவிட்டா? குழலே வெடிச்சுடும். மணிக்கட்டு போனது போதும், விரலையாவது விட்டு வைங்கப்பா."

அவள் எடுத்தது நூறு கிரெயின், மூக்கு தட்டையான குண்டு. எப்போதோ சோதித்துப் பார்க்க வாங்கி வைத்தது. மருந்தையும் மாற்றினாள். எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அதிகம் அடைக்கிற ஒரு மருந்து. நுண்ணிய வளையங்களாக இருக்கும். அதைப் போட்டால் கூடு குண்டின் அடி வரை நிரம்பிவிடும். அமுக்கக்கூடாது, தொட்டு நின்றால் போதும். சரிந்து ஓட அதற்கு இடமே இருக்காது.

"உதைக்கும்," என்றேன்.

"உதைக்கும்."

"கை தாங்குமா?"

"அதை நாளைக்குக் கேளுங்க." தராசைச் சரிபார்த்தாள். "நீங்க சும்மா வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காம, பித்தளையைத் துடைச்சுக் கொடுங்க."

துடைத்துக் கொடுத்தேன். பிரஸ்ஸின் கைப்பிடியை நான் இழுக்கட்டுமா என்று ஒரு முறை கேட்டேன். இது அவள் தோட்டா, அவள்தான் நிரப்ப வேண்டும் என்றாள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைச் சாய்த்துப் பார்த்த பிறகே குண்டை வைத்தாள். நான் இன்னும் வேகமாகச் செய்திருப்பேன். அவ்வளவு ஒழுங்காகச் செய்திருப்பேன் என்று சொல்லமாட்டேன்.

முதலில் கொஞ்சம் நிரப்பி, கொட்டகைக்குப் பின்னால் எங்கள் வேகமானியை வைத்துச் சுட்டாள். குழலைத் தாழ்த்தி எடுத்தபோது அறுபத்தி நாலு. தூக்கி இறக்கியபோது அறுபத்தைந்து. ஐந்தாவது வெடிக்குப் பிறகு கையை உதறினாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு மறுநாளைக்கு வேண்டியதையும் நிரப்பி முடித்தாள்.

நாங்கள் திரும்பியபோது மேசா மேட்டின் விளிம்பில் இன்னும் வெயில் இருந்தது. டெலியா மேசையருகே நாற்காலி போட்டு, தட்டில் பீன்ஸும் பச்சை மிளகாய்க் குழம்பும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எம்மெட் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். லோமாக்ஸும் போகாமல் நின்றான்.

"வந்துட்டியா? எம்மெட் என் சாப்பாட்டுலயே பாதியை முடிச்சுட்டார்," என்றாள் டெலியா.

"ருசி பார்த்தேன். அது சாப்பிட்டதாகுமா?" என்றான் எம்மெட்.

வெர்னா உறையிலிருந்து எடுத்து ஐந்து முறை சுட்டாள்.

"அறுபத்தி நாலு," என்றாள் டெலியா. "தேறியாச்சு. போ, போய்த் தூங்கு."

வெர்னா போகவில்லை. ரிவால்வரில் மறுபடி ஐந்து தோட்டாக்களைப் போட்டு, குழல் மண்மேட்டைப் பார்க்க மேசையில் வைத்தாள்.

"டுவைட், நீ சுடு."

"நானா? எதுக்கு?"

"எப்படி வேணும்னாலும் பிடிச்சுக்கோ. தலைகீழாத் தொங்கிக்கிட்டு சுட்டாலும் சரி. நாளைக்கு காலைல காப்பி குடிக்கற இடத்துல, வெர்னா ஏதோ பிடிச்ச பிடில தேறிட்டான்னு நீ சொல்லக் கூடாது."

"நான் அப்படிச் சொல்ற ஆளில்லை."

"அப்போ சுடறதுல என்ன வந்தது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு உதவவில்லை. டெலியாவைப் பார்த்தான். அவள் பீன்ஸை மென்றுகொண்டு தலையசைத்தாள்.

லோமாக்ஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனல்ல. தன் காலணிக்கு முன்னால் மண்ணைப் பார்த்துக் குழலைத் தாழ்த்தி, லேசாகக் குலுக்கி, முட்டையைத் தூக்குவது போல மெல்ல உயர்த்திச் சுட்டான். ஐந்து முறையும் அப்படியே. மருந்து பின்னால் வர ஒரு வழியும் விடவில்லை.

டெலியா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். "அறுபத்தி மூணு."

"போதுமா?" என்றாள் வெர்னா.

"போதும், மேடம்," என்றான் அவன். ரிவால்வரைக் காலி செய்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மூன்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. எதுவும் எங்களுடையதல்ல. நான் தொப்பியைக் கழற்றி முன்வரிசையில் நின்று கேட்டேன்.

நூறு கிரெயின் அவள் எதிர்பார்த்தபடியே உயரே பட்டது. தகட்டின் தோளில் பட்டு, நின்ற தகடெல்லாம் சாய்ந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. நண்பகலுக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எம்மெட் தன் குளிர்பெட்டியிலிருந்த பனிக்கட்டியை ஒரு கைக்குட்டையில் கட்டிக் கொடுத்தான். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பெயர் கூப்பிட்டதும் என்னிடம் கொடுத்தாள், சுட்டாள், திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள். கடைசிச் சுற்றில் சுத்தியலை இழுக்க வலது கை மறுத்தது. இடது கட்டை விரலால் இழுத்துச் சுட்டு முடித்தாள். அதில் நேரம் போயிற்று. பெண்கள் பிரிவில் நான்காவது இடம். போன வருடம் முப்பத்தெட்டோடு வந்ததைவிட இரண்டு இடம் கீழே. பரிசு வாங்கியவர்களுக்குக் கை தட்டினாள், ஒரு கையால் தொடையில் தட்டி.

இப்போது எங்கள் பக்கத்தில் கிளேட்டன் ஊர் முதல் ரட்டோன் ஊர் வரை ஒரு பேச்சு சுற்றுகிறது. முதலில் அளந்து தவறிய தோட்டாக்கள் ஏதோ ஒரு கடையில் வாங்கியவை, வெர்னா நிரப்பியவை அல்ல, தவறு கடைக்காரனுடையது என்கிறார்கள். எங்கள்மேல் உள்ள அன்பால் எம்மெட் டீக் கிளப்பிவிட்டது. அது பொய். எந்தக் கடைக்காரனுக்கும் இதில் சம்பந்தமில்லை. ஐம்பத்தாறு காட்டிய அந்தத் தோட்டாக்களையும் என் மகள் வெர்னா ராக்ஸ்டேல்தான், எங்கள் கொட்டகையில், தன் கையால் நிரப்பினாள்.