பச்சை அடித்த மூலை

கலைச்செல்வன் 'அக்கா' என்று கூப்பிட்டாலே சோபியா உஷாராகிவிடுவாள். எதிரெதிர் வீடு. சாதாரண நாளில் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். அக்கா என்று குழைந்தால் அவனுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ஊராட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தபோது ஒருமுறை குழைந்தான். ஆதார் அட்டை ஜெராக்ஸ் கேட்டு வந்தபோது ஒருமுறை. அந்த ஜெராக்ஸ் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

"அக்கா, ஞாயித்துக்கெழம சைட்டு பாக்க மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு வேன்ல பார்ட்டிங்க வராங்க. சாப்பாடு பரிமாற ஆளு வோணும். வரியா?"

"எந்த சைட்டு?"

"நம்ம கொல்லதான்க்கா. கார்டன் சிட்டி."

நம்ம கொல்லையாம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையை ஒட்டிய அந்தக் கொல்லையில் களை பறித்தே சோபியாவின் முதுகு வளைந்தது. காலனியில் பாதிப் பேர் கதை அதுதான். ஆனால் ஒருநாள்கூட அது 'நம்ம'தாக இருந்ததில்லை. இருந்தது எல்லாம் வடக்கு மூலை ஒன்றுதான். அதுவும் வாய் வார்த்தையாக.

நிலக்காரரின் தாத்தா காலத்தில், காலனியின் வேதக்காரர்கள் தங்கள் பிணங்களைப் புதைக்க நிலக்காரர் குடும்பம் அந்த மூலையை விட்டுக்கொடுத்தது. பத்திரம் இல்லை, பட்டா இல்லை. இரண்டு புளியமரம், சுற்றிலும் நொச்சிப் புதர். சிமெண்ட் வைத்துக் கட்ட யாருக்கும் வசதி இல்லை. மரச்சிலுவை நடுவார்கள், இரண்டு மழையில் கரையான் தின்றுவிடும். மேடும் அமுங்கிவிடும். யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பது காலனிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். கல்லறைத் தோட்டம் என்று நீட்டி முழக்க யாருக்கும் வாய் வராது. வெறும் தோட்டம். 'அவர தோட்டத்துக்கு எடுத்துக்கினு போயாச்சு' என்றால் ஒரு ஆள் கதை முடிந்தது என்று பொருள். இரண்டு வருஷத்துக்கு முன்பு சோபியாவின் புருஷன் ஜான்சனையும் அங்கேதான் எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இடம் அவளுக்கென்று விட்டிருந்தது.

நிலக்காரரின் பேரன் கொல்லையை விற்க, அதை வாங்கிய கம்பெனி மனை பிரித்து, மஞ்சள் அடித்த கல்லை வரிசையாக நட்டபோது, அந்த மூலையில் மட்டும் ஒரு கல்லும் நடவில்லை. மற்றவர்கள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். சோபியாவுக்குத் தூக்கம் போயிற்று. அங்குலம் விடாமல் கூறு போடுகிறவன் ஒரு மூலையைச் சும்மா விடுவானா? கம்பெனிக்கு உள்ளூர் ஆளாக ஓடியாடுகிறவன் கலைச்செல்வன். அவன் போனில் பேசும்போதெல்லாம் அவள் வாசல் கூட்டுவாள். அவன் குரலைத் தாழ்த்தினால் இவள் துடைப்பத்தையும் நிறுத்துவாள். ஒன்றும் பிடிபடவில்லை. சரி, உள்ளே நுழைந்தே பார்த்துவிடலாம் என்று பரிமாறப் போனாள்.

ஷாமியானாவுக்குள் ஆள் உயரத்துக்கு மனைப்பிரிவுப் படம் நிறுத்தியிருந்தது. ரோடெல்லாம் சாம்பல், மனையெல்லாம் மஞ்சள். வடக்கு மூலையில் மட்டும் பச்சை. பச்சைக்குள் ஒரு சறுக்குமரமும் ஊஞ்சலும் வரைந்திருந்தது. பார்த்ததும் அவள் கையிலிருந்த சாம்பார் வாளி தரையில் இடித்தது.

கம்பெனி சர்வேயர் மோகன்குமார் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"சார், இந்தப் பச்ச இன்னாது?"

"பார்க்கும்மா. மனை போட்டா ஒரு பங்கு இடத்தைப் பொதுவுக்கு விடணும், சட்டம்."

"பார்க்குன்னு யாரு சொன்னது?"

அவர் அவளை உற்றுப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான். நான் அளக்க வந்த அன்னைக்கு விறகு பொறுக்கிட்டு இருந்தீங்களே. இது என்ன இடம்னு கேட்டேன். 'எங்க தோட்டம் சார், ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னு சொன்னீங்க. மரமும் நல்லா நின்னுச்சு. தோட்டம்னே எழுதிக்கிட்டேன்."

ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டு, கடைசியில் கையும் களவுமாகப் பிடிபட்டது சோபியாவின் வாயேதான். கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு டேப்பின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கலைச்செல்வன். வேதக்காரன் இல்லை, கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனால் ஜான்சனின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். தோட்டம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாதா?

வாளியை வைத்துவிட்டு, ஷாமியானாவுக்குப் பின்னால் போய் அவனைப் பிடித்தாள்.

"தெரிஞ்சிக்கினேதானே நின்ன?"

அவன் மறைக்கவில்லை. "தெரியும்க்கா. கல்லறன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பான்? அவனாண்ட பத்தரம் கீது, நம்மாண்ட இன்னா கீது? ஜேசிபி வுட்டு நெரவிட்டு மன போட்டிருப்பான். பார்க்குன்னா விக்க முடியாது, வூடு கட்ட முடியாது. ஜான்சண்ணன் அப்டியே கெடப்பாரு. அதான் கம்முனு இருந்தேன். நீயும் கம்முனு இரு."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. கல்லறைக்குப் பக்கத்து மனையை எவன் வாங்குவான்? இவன் வாயை மூடிக்கொண்டது ஜான்சனுக்காகவா, கமிஷனுக்காகவா? இரண்டும்தான் என்று தோன்றியது. எது முதலில் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"சுத்தி செவுரு வருமா?"

"வரும்."

"கேட்டு?"

"கேட்டு இல்லாத பார்க்கா?"

"சாவி யாராண்ட இருக்கும்?"

அவன் செருப்பால் மண்ணைத் தேய்த்தான். "குடி வரவங்க சங்கம் வெப்பாங்க இல்ல, அவங்களாண்ட."

"அப்போ நான் செத்தா என்ன எங்க வெப்பீங்க?"

கலைச்செல்வன் ஷாமியானா பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, வேனில் வந்த ஒரு அம்மாள் சாப்பாட்டுத் தட்டோடு புளியமர நிழலுக்குப் போனாள். பின்னாலேயே மோகன்குமார், கையில் மனை எண் குறித்த நோட்டோடு. அந்த அம்மாள் நின்ற இடத்தைப் பார்த்ததும் சோபியாவின் கால்கள் தாமாக அங்கே ஓடின.

"நல்ல காத்தும்மா இங்க," என்றாள் அந்த அம்மாள். "எங்க மனை இதுக்குப் பக்கத்துலதான் பாத்திருக்கோம். இது பார்க்குதானே?"

"அக்கா," என்றான் கலைச்செல்வன் பின்னாலிருந்து.

சும்மா இருந்தால் மண் தப்பிக்கும். வாயைத் திறந்தால் அந்த ஜேசிபி வந்தாலும் வரும். ஆனால் முதல் தடவை பாதி வார்த்தையை விழுங்கியதில்தான் இந்தச் சறுக்குமரம் முளைத்தது. பூட்டுப் போட்ட கேட்டுக்கு வெளியே, கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியோடு காலனி மொத்தமும் நிற்பது அவள் கண்ணில் வந்தது.

"பார்க்கு இல்லம்மா. கல்லறைத் தோட்டம். நீங்க நிக்கிற எடத்துல எங்க வூட்டுக்காரரு கீறாரு. பேரு ஜான்சன். அந்த நொச்சியாண்ட எங்க மாமியாரு. மரத்துக்கு அந்தாண்ட தானியேலு, அவரு சம்சாரம்."

அந்த அம்மாள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை அவளுக்கு. கலைச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சோபியா சர்வேயர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நான் சொன்னத எழுதுனீங்க இல்ல சார். இன்னிக்கு முழுசா சொல்றேன், எழுதிக்கோங்க. கல்லறைத் தோட்டம்."

மோகன்குமார் கலைச்செல்வனைப் பார்த்தார், ஷாமியானாவைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். சோபியாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். 'கல்லறை' என்ற முன்பாதியையும் எழுதுகிறாரா என்று அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.