குளத்துக்கு வலது பக்கம்

கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் குழி பார்ப்பதற்குக் குட்டி. குழியில் நட்ட கொடி வரை நூற்று முப்பது கஜம்தான். ஆனால் நடுவே குளம், குளக்கரையை ஒட்டியே கொடி. மூன்று வருடமாகப் பல் டாக்டர் அந்தக் கொடியைக் குறிவைத்து அடித்தாள். மூன்று வருடமும் பந்து தண்ணீருக்குள் போனது, கிளப் அணியில் அவளுடைய இடம் யார் யாருக்கோ போனது.

இந்த வருடம் மிச்சம் ஒரே இடம். அதற்குப் போட்டி, அக்கா புருஷன். தையற்கடைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி. அவள் ஒரே ஓர் அடி முன்னால் நின்றாள். இந்தக் குழியை நாலு அடியில் முடித்தால், அவர் மூன்றில் முடித்தாலும் சமம்தான்.

கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, குளம் குறுக்கிடாத வலது பக்கப் புல்வெளியைப் பார்த்து நின்றாள்.

"என்னம்மா, கொடி அங்க இருக்கு, நீ எங்கயோ பாக்குற? கண் டாக்டர்கிட்ட காட்டு."

"கொடி எங்க அத்தான் ஓடிடப் போகுது?"

பந்து புல்லில் சமர்த்தாக உட்கார்ந்தது. கிளப் வராந்தாவில் வேடிக்கை பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அத்தான் மட்டையைச் சுழற்றினார். "கஜக்கணக்குலயே பொழைக்கிறவன் நான். நூத்தி முப்பதுன்னா நூத்தி முப்பதுதான், ஒரு இஞ்ச் தப்பாது!"

எதிர்க்காற்று கொஞ்சம் தூரத்தைத் தின்றது. பொளக்! பந்து குளத்துக்குள்.

"சட்டைக்கே தையலுக்குன்னு ரெண்டு விரக்கடை விட்டு வெட்டுவீங்க. காத்துக்கு விட வேணாமா?" என்றாள் வராந்தாவிலிருந்து அக்கா.

"நீ யாரு பக்கம்டி?"

"நீங்க ஜெயிச்சா ஆறு மாசம் நான் காதப் பொத்திக்கிட்டு இருக்கணும். நான் என் தங்கச்சி பக்கம்."

தண்ணீரில் விட்டதற்கான அபராத அடியையும் சேர்த்து மூன்றாவதில்தான் அத்தான் கொடிப் பக்கம் வந்தார். டாக்டரின் இரண்டாவது அடியில் பந்து குழிக்குப் பத்தடி தள்ளி நின்றது. தரையோ குளத்தை நோக்கிச் சரிவு.

"ஒரே அடியில போட்டுடு, தைரியத்தக் காட்டு!"

"நீங்க காட்டினதே போதும் அத்தான்."

குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் தள்ளினாள். பந்து குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அடுத்த தட்டில் உள்ளே. நாலு! அத்தான் ஐந்தில் முடித்தார்.

அணித்தலைவர் வந்து கை குலுக்கினார். "இடம் உங்களுக்குத்தான். ஆனா கொஞ்சம் அடிச்சு ஆடுங்க டாக்டர், பாக்கறவங்களுக்குக் கொட்டாவி வருது."

"வரட்டும் சார். வாயத் திறந்தாத்தான் எனக்குப் பொழப்பு!"