குளிரறைக்குள் டவர் இருக்கா?

"கையெழுத்துப் போட்டுட்டா ரெண்டு வருஷத்துக்கு நடுவுல விட முடியாதுக்கா. இன்னைக்கு ஒருநாள் இந்த சிம்மைப் போட்டு மூலை முடுக்கெல்லாம் பாருங்க. சாயங்காலம் ஃபாரத்தோட வரேன்" என்றான் போன் கடைக்காரன்.

"டவர் கிடைக்கலைன்னா உன்னைத்தான் தொங்க விடுவேன் தம்பி." கறிக்கடைக்காரி தலைக்கு மேலிருந்த கொக்கிகளைக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் சிரிக்கவில்லை.

அவளைத் தீர்த்துக்கட்டுவேன் என்று கோர்ட் வாசலில் கத்திவிட்டு ஜெயிலுக்குப் போன புருஷன், நேற்று வெளியே வந்துவிட்டான். சேதி சொன்னது அவனுடைய சொந்த அக்கா. "கூடப் பொறந்தவன்னு மறைக்க மாட்டேன். புதுசா கத்தி வாங்கியிருக்கான். எங்கயாவது ஓடிடும்மா."

எங்கே ஓடுவது? ஏழு வருஷம் தனியாளாக நின்று உண்டாக்கிய கடை இது. போலீஸில் கேட்டால், "வந்தா உடனே போன் போடுங்கம்மா, பத்து நிமிஷத்துல வண்டி நிக்கும்" என்றார்கள். அவளுடைய பழைய இணைப்புக்கு நடைபாதையில் நின்றால்தான் உயிர் வரும். கடைக்குள் காலெடுத்து வைத்தால் பிணம்.

அவள் திட்டம் குளிரறைதான். ஒரு சாண் கனத்தில் இரும்புக் கதவு. அவன் வெளியே வரும் நாள் நெருங்குகிறதென்று போன வாரமே உட்பக்கம் தாழ்ப்பாள் வைத்தாயிற்று. உள்ளே ஓடித் தாழ் போட்டு, போனையும் போட்டுவிட்டால் பத்து நிமிஷம் தாங்கும்.

புது சிம்மோடு கடையை அளந்தாள். கல்லாவில் மூன்று கோடு. வெட்டும் மேடையருகே மூன்று. குளிரறையின் கடைசிக் கொக்கி வரை போய்ப் பார்த்தாள். இரண்டு! அங்கே நின்றபடியே போன் கடைக்காரனை அழைத்தாள். பக்கத்தில் நிற்பவன்போல் பேசினான். "ஃபாரத்தை எடுத்துட்டு வா தம்பி, போட்டுடலாம்."

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. குளிரறைக்குள் போகிற கறிக்கடைக்காரர் யாரும் கதவைத் தன் பின்னால் மூட விடுவதில்லை. உள்ளே மாட்டி விறைத்துப்போனவன் கதை ஒன்றாவது எல்லாருக்கும் தெரியும். கால் தானாகவே மரக்கட்டையை வாசலில் தள்ளிவிடும். இன்றும் தள்ளியிருந்தது. ஒரு கை அகலம் திறந்து கிடந்த கதவு வழியாகத்தான் அந்த இரண்டு கோடும் வந்திருந்தன.

மதியம் கடை காலியாக இருந்தது. அவள் குனிந்து ஈரல் தட்டை எடுத்தபோது குரல் கேட்டது.

"எலும்பில்லாம ஒரு கிலோ கிடைக்குமா, முதலாளியம்மா?"

நிமிர்வதற்குள் கத்தி இறங்கியது. தராசுக் கண்ணாடி சிதறியது. இரண்டாவது வீச்சு அவள் இடது தோளைத் திறந்தது. சூடாக ஏதோ முழங்கை வரை ஓடியது. வலி இன்னும் வந்து சேரவில்லை. ஈரல் தட்டை அப்படியே அவன் மூஞ்சியில் அறைந்தாள். அவன் கண்ணைத் துடைப்பதற்குள் ஓடினாள். கட்டையை எட்டி உதைத்தாள். கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள்!

போனை எடுத்தாள். ஒரு கோடும் இல்லை.

மூலைக்கு ஓடினாள். கையை உயர்த்தினாள். கொக்கியைப் பிடித்துத் தொங்கினாள். ம்ஹூம். நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. சாகப்போகிறவளுக்கு வருகிற நினைப்பைப் பார்!

"வெளிய வாடி! உள்ளயே விறைச்சுச் செத்தா எனக்கு என்னடி சுகம்?"

கதவிடுக்கில், கடையில் ஐஸ் உடைக்க வைத்திருந்த கடப்பாரையின் முனை எட்டிப் பார்த்தது. ஒரு நெம்பு. தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று தெறித்து அவள் காலடியில் விழுந்தது. இன்னொரு நெம்பு. இன்னொரு திருகாணி. மிச்சம் இரண்டு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவு மூடியிருந்தால் வெளியே யாருக்கும் கேட்காது. திறந்தால் அவன் உள்ளே வந்துவிடுவான். கதவு எப்படியும் போகப்போகிறது. போகட்டும், ஆனால் அவள் சொல்கிற நேரத்தில் போகட்டும்.

தாழை உருவினாள்.

நெம்பிக்கொண்டிருந்தவன் பிடிமானம் இல்லாமல் தடுமாறினான். கடப்பாரை தரையில் உருண்டது. கத்தி பிடித்த மறு கை மட்டும் தோள் வரை உள்ளே வந்தது. அவள் முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக் கதவைத் தள்ளினாள். ஆட்டுத்தொடை முறிகிற சத்தம் அவளுக்குப் பழக்கம். அதே சத்தம்தான். அவன் அலறினான். கத்தி விழுந்தது. விரல்கள் அவள் கூந்தலைத் தேடிப் பிடித்துக் கொத்தாகப் பிய்த்தன. அவள் இன்னும் அழுத்தினாள்.

மூடாமல் நின்ற அந்த இடுக்கில் போனைப் பிடித்தாள். ஒரு கோடு. இரண்டு.

"அவசர உதவி, சொல்லுங்கம்மா."

கடை விலாசத்தைச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். பின்னால் கேட்ட அலறல் எதிர்முனைக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. எங்க இருக்கீங்க? கதவு ஏதாவது இருந்தா நல்லா மூடிக்கிட்டு உள்ளயே இருங்க."

"மூட முடியாதுங்க" என்றாள் கறிக்கடைக்காரி, மூச்சு வாங்கியபடி. "அவன் கை இருக்கு. எடுத்துட்டா நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது. லைன்லயே இருங்க."

குதிகாலை இன்னும் ஆழமாக ஊன்றினாள்.