நெத்தலிக்கு ஒரு நிரவல்

எங்கள் இணைய வானொலியில் கர்நாடக சங்கீதம் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்கு ஒரே காரணம் உறைந்த மீன். இங்கே ஓல்டன் நகரில் மீன்கடை வைத்திருக்கும் தம்பித்துரை அண்ணைதான் என் ஞாயிறு நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர். கச்சேரிக்கு முன்னும் பின்னும் அவர் தன் வாயாலேயே பேசிய விளம்பரம் போகும். நடுவில் போகிற பாட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்காதவரைக்கும் நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த ஞாயிறோடு ஒப்பந்தம் முடிகிறது. அண்ணை கைவிட்டால் என் நேரம் சினிமாப் பாட்டுக்குப் போய்விடும் என்று நிலையப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

"நேரிலை கேட்டுப்போட்டு முடிவைச் சொல்லுறன், வேணுகா," என்று அண்ணை கலையகத்துக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாராயணன். சூக் நகரில் கணினி வேலை, அருமையான குரல். பக்கத்தில் மிருதங்கக்காரர். நேரடி ஒலிபரப்பு. ஆலாபனை தொடங்கியது.

"இவர் எப்ப பாடத் தொடங்குவார்?"

"பாடிக்கொண்டுதான் இருக்கிறார் அண்ணை."

பிறகு நிரவல். ஒரே வரியை விதம் விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவது. கச்சேரியில் நான் உயிரை விடுகிற இடம். "இனி என்ன செய்வேன், முருகா" என்று நாராயணன் கண்ணை மூடி உருகினார். மேலே போய் உருகினார், கீழே வந்து உருகினார். நானும் உருகிப்போய் அண்ணையை மறந்துவிட்டேன்.

"பிள்ளை, அந்த மனுசனுக்கு அடுத்த வரி மறந்துபோச்சு!" அண்ணையின் கண் கலங்கியிருந்தது. "விட்ட இடத்திலேயே நிண்டு தவிக்கிறார், நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறியள். திரிம்பாக் கோயிலிலை நான் தேவாரம் மறந்து முழிக்கேக்கை பக்கத்திலை நிண்டவர்தானே எடுத்துக் குடுத்தவர்!"

நான் கையைப் பிடிப்பதற்குள் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். அவருக்கு மனப்பாடமானது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மைக் பக்கம் குனிந்து, நாராயணனின் காதுக்குப் பக்கத்தில், அதை அன்பாக எடுத்துக் கொடுத்தார்:

"பாரை, விளைமீன், நெத்தலி..."

நாராயணன் ஒரு கண்ணைத் திறந்தார். மனிதர் சுத்த சைவம். ஆனால் மிருதங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. "நெத்தலி வாங்குவேன், முருகா" என்று தாளம் தப்பாமல் வந்து சேர்ந்தார். அண்ணை அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

நிகழ்ச்சி முடிந்தது. நானும் முடிந்தேன் என்றுதான் நினைத்தேன்.

அண்ணை நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "இன்னும் ஒரு வருசத்துக்குப் போடுறன், பிள்ளை. ஆனா ஒண்டு. அவருக்கு அடுத்த வரியை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் நானே வந்து எடுத்துக் குடுக்கிறன்."

வந்த சந்தோசத்தில் நான் உடனே ஓம் என்றேன்.

பின்னால் நின்ற நாராயணன், "இனி என்ன செய்வேன், முருகா" என்றார். இந்தத் தடவை அவர் பாடவில்லை.