வருது, நில்லுங்க

ஜீப்பின் முன் இருக்கையில் இருந்த பரமநாதன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அண்ணை, முகாம் நெருப்பைப் பற்றி விசாரணையில கேட்டா ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. குடிசையளைப் பிடுங்கி இடைவெளி விடச்சொல்லிப் படிப்பிச்சனான், அவை கேக்கேல்லை. அது காணும்."

பின்னால் இருந்த கனகசுந்தரத்துக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடித்தது. உடப்பில் பிறந்து, தீயணைப்புப் பிரிவில் பயிற்சி கொடுத்தே தலை நரைத்த மனிதர் அவர். நெருப்போடு சண்டை பிடிப்பது மற்றவர்கள் வேலை. எப்படிப் பிடிப்பதென்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து உடுத்த துணியோடு வந்து சேர்ந்த பரமநாதனுக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடிக்கப் பழக்கியது அவர்தான். தன் வீட்டிலேயே ஓர் அறையும் கொடுத்தார். அவனுக்கு அம்மாள் வருத்தம் வந்தபோது வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்துப் பார்த்தவள் அவருடைய மனைவி பூமணி. இன்றைக்கு அவன் நிலையப் பொறுப்பதிகாரி. அதில் அவருக்குப் பொறாமையே கிடையாது. கல்யாண வீடு, செத்த வீடு என்று பார்க்காமல் "நம்மட பெடியன்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தவர்.

முகாம் எத்தாளைக்கு அப்பால், ஒரு தென்னந்தோட்டத்துக்குள் இருந்தது. வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனங்கள்; பெரும்பாலும் கடல்தொழில். கூரையும் பின்னிய தென்னோலைக் கிடுகு, சுவரும் கிடுகு, நடுவே அடுப்பு. அரசாங்கம் பயிற்சி கொடுக்க அனுப்பியபோது கனகசுந்தரம் அந்த வரிசைகளைப் பார்த்து ஒன்றைத்தான் படிப்பித்தார். ஒரு குடிசை பற்றினால், காற்றுப் போகிற பக்கத்துக் குடிசைகளைக் கொக்கித்தடியால் இழுத்து விழுத்திவிட வேண்டும். நெருப்புக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கக்கூடாது. முகாம் தலைவர் முத்தலிபுவின் மனைவி அன்றைக்கே எழுந்து கேட்டாள்: "ஊட்ட உட்டுட்டு ஓடி வந்தம். இனி எங்கட கையாலயே எங்கட ஊட்ட ஒடைக்கச் சொல்றீங்களா?"

அவள் கேட்டதை அவர் திரும்பிப்போய்ப் பரமநாதனிடம் சொன்னார். அவன் சிரித்தான். "எங்களிட்டை நெருப்பணைக்கிற எஞ்சின் இருக்குத்தானே அண்ணை? போன் கோல் எடுத்தா வரும் எண்டு சொல்லுங்கோ." மறுநாள் அவர் முகாமுக்குப் போய் அதைச் சொன்னார். தடிகளைக் கட்டி ஒரு பக்கம் வைக்கச் சொன்னார். நெருப்பைக் கண்டால் சந்திக்கடையிலிருந்து தொலைபேசி எடுங்கள், எஞ்சின் வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு நில்லுங்கள் என்றார். "நான் பொறுப்பு" என்பதை மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டார். சனங்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

போன வியாழக்கிழமை நெருப்பு வந்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசி அடித்தது. இரண்டு வரிசை அப்படியே போயிற்று. அவர் சிலாபத்தில் வகுப்பெடுத்துவிட்டு வந்தபோது, எஞ்சின் பழுது, கிளம்பவில்லை என்றான் பரமநாதன். அதையும் அவரே கொண்டுபோய்ச் சாம்பலுக்கு நடுவில் நின்று சொன்னார். முத்தலிபுவின் மூத்த மகள் இரண்டு கையும் வெந்து சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆனாலும் அந்த மனிதர், "மெசின்தானே மாஸ்டர், பழுதாப் போனா ஆர் என்ன செய்ற?" என்று இவருக்கு ஆறுதல் சொன்னார்.

முகாமுக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் ஜீப்பை மறித்தார்கள். பரமநாதன் கடதாசிகளை எடுத்துக்கொண்டு இறங்கி ஆமிக்காரனிடம் போனான். சாரதி இன்னாசித்தம்பி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். எஞ்சினை ஓட்டுகிறவனும் அவன்தான்.

"மாஸ்டர், எஞ்சின் பழுதில்ல. மினிஸ்டர்ட ஹெலி எறங்குற மைதானத்துல, புழுதி பறக்காமத் தண்ணி அடிச்சிக்கிட்டு நிண்டம்."

"கோல் வரலையா?"

"வந்திச்சி. ஸ்டேசன்ல பரமநாதன் சேர்தான் எடுத்தாரு, பக்கத்துல நிண்ட பெடியன் சொன்னான். 'வருது, நில்லுங்க' எண்டாரு. மூணு தரம் எடுத்தாங்க. மூணு தரமும் அதத்தான் சொன்னாரு."

கனகசுந்தரம் முகாமை நினைத்துப் பார்த்தார். வராது என்று சொல்லியிருந்தால் அந்தச் சனம் அழுதுகொண்டாவது தடியைத் தூக்கியிருக்கும். ஒரு வரிசையாவது மிஞ்சியிருக்கும். வருது, வருது என்று நம்பி, பெண்பிள்ளைகள் வாளியோடு நெருப்புக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அவர்கள் நம்பியது பரமநாதனை அல்ல, அவரை.

பரமநாதன் வந்து ஏறினான். வெட்டிச் சீவிய அவனுடைய பிடரியைப் பார்த்தபடியே அவர் கேட்டார்:

"பரமு, ஏன்டா வருது எண்டு சொன்ன?"

அவன் இன்னாசித்தம்பியை ஒருமுறை முறைத்தான். "மேலிடத்து ஓடர், அண்ணை. மைதான வேலையைக் கெதியா முடிச்சிட்டு எஞ்சினை அனுப்பலாம் எண்டு நினைச்சன். இப்ப அதைக் கிளறி என்ன? உங்களுக்கும் பென்சன் கிட்டவாப் போச்சு."

எத்தனை நாள் தன் சோற்றைத் தின்றவன். அடித்தால் என்ன என்று கூடத் தோன்றியது. அடிக்கவில்லை. வேலியோரத்துப் பனைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முகாமில் தென்னைகளுக்குக் கீழே மேசையும் கதிரைகளும் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார். சொல்லிக்கொடுத்தபடி நடக்காதது சனங்களின் பிழை என்று நிலைய அறிக்கையில் தெரிகிறது. அப்படியானால் இங்கே இனிக் குடிசை போட விடமுடியாது. எல்லோரையும் எலுவன்குளம் பக்கம் கொண்டுபோய் இருத்த வேண்டிவரும். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத சனத்தைக் காட்டோரத்தில் கொண்டுபோய்க் கொட்டும் பேச்சு அது. மண்ணில் இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முத்தலிபு எழும்பி நின்றார்.

"மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. எங்களுக்கு என்ன சொன்னீங்க?"

பரமநாதன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடுங்க வேணாம் எண்டு சொன்னது நான்தான்," என்றார் கனகசுந்தரம். "இந்தச் சனத்துல ஒரு பிழையும் இல்ல. எஞ்சினும் பழுதில்ல. ஹெலி எறங்குற மைதானத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிண்டது. மூணு தரம் கோல் வந்தும் வருது, நில்லுங்க எண்டு சொன்னது இவன். நான் வளத்த பெடியன்."

அதிகாரி பேனையை மூடினார். இதைப் பற்றிப் பிறகு அலுவலகத்தில் பேசலாம் என்றார். எலுவன்குளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே தன் காரில் ஏறினார். பின்னாலேயே ஜீப்பும் கிளம்பியது. கனகசுந்தரம் நாலடி நடந்தார். இன்னாசித்தம்பி வேகத்தைக் குறைத்தான்; பரமநாதன் ஏதோ சொல்ல, ஜீப் போய்விட்டது.

இனி யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். முத்தலிபு கிட்ட வந்தார். "பழுது எண்டு சொன்ன நேரம் மனசு கொஞ்சம் ஆறி இருந்திச்சி மாஸ்டர்," என்றார். "அப்பிடியே உட்டிருக்கலாம்." சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் நின்ற பக்கம் போய்விட்டார்.

எரிந்த வரிசையில் முத்தலிபுவின் மனைவி குந்தியிருந்து, சாம்பலைச் சுளகில் அள்ளிப் புடைத்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோணிப்போன ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பக்கத்திலிருந்த பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டாள். கனகசுந்தரம் போய் அவளுக்கு எதிரே, சீருடையோடு சாம்பலில் குந்தினார். கையை விட்டுக் கிளறினார். ஒன்று, இன்னொன்று என்று ஒரு பிடி ஆணி சேர்ந்தது. போடக் கையை நீட்டினார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. பேணியை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டினாள்.