பொம்மைக்கு முட்டி மடங்காது

“கால ஏண்டி நீட்டுன? அத மட்டும் சொல்லு. ஒன்ன யாரு—”

“படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். நீ மொதல்ல சத்தத்தக் கொறச்சு—”

“படுக்கச் சொன்னா படுத்துக்க. கால எதுக்கு அந்தப் பொண்ணு கையில குடுத்த?”

“படுத்தா காலும் கூடத்தாம்மா வரும். கழட்டியா வைக்க முடியும்?”

அம்சவள்ளி வாயை மூடிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பெரம்பலூரில் அந்த நர்சிங் கல்லூரி விடுதியின் பார்வையாளர் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யாரும் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு நாற்காலி வரிசையிலும் ஏதோ ஒரு சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு அம்மா மகள் இளைத்துவிட்டதற்கு மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு பெண், வார்டில் வாந்தி அள்ளச் சொல்கிறார்கள், நான் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று அழுதுகொண்டிருந்தது. அதன் அப்பா, வாந்தி அள்ளாமல் நர்சு வேலை எங்கே இருக்கிறது என்று அதைவிடப் பரிதாபமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்சவள்ளியின் மகள் கலைமணியும் இந்த வருடம்தான் சேர்ந்தவள். நர்சிங் என்றால் ஊசி என்று நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் ஊசியைக் கண்ணிலேயே காட்டவில்லை. கை கழுவச் சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை நாள் கழுவியது கழுவலே இல்லை என்றார்கள். கட்டிலில் சுருக்கம் விழாமல் விரிப்பு போடச் சொல்லி, போட்டதைப் பிடித்து இழுத்து, மறுபடி போடச் சொன்னார்கள். தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் எலும்புகளின் பெயரை இங்கிலீஷில் உருப்போட்டுத் தூக்கத்தில் உளறினார்கள். அதற்கப்புறம் வந்தது படுக்கைக் குளியல். எழுந்திருக்க முடியாத நோயாளியைப் படுத்த படுக்கையிலேயே துடைத்துக் குளிப்பாட்டுவது.

அதற்காகவே ஒரு ரப்பர் பொம்மை பயிற்சி அறையில் கிடந்தது. சீனியர்கள் அதற்கு சரோஜா என்று பேர் வைத்திருந்தார்கள். சரோஜாவை முகம் துடைக்கலாம், முதுகு துடைக்கலாம். ஆனால் அவளுக்கு முட்டி மடங்காது. முட்டியை மடக்கி, கட்டில் மேலேயே பேசின் வைத்து, பாதத்தை அதில் இறக்கிக் கழுவ வேண்டும் என்பது பாடம். ஆகவே லீலாவதி மேடம் பிள்ளைகளையே ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருத்தி நர்சு, ஒருத்தி நோயாளி, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜோடி என்பது வருகைப் பதிவு வரிசைப்படி. இங்கிலீஷ் எழுத்து வரிசையில் ஜெயசித்ராவுக்கு அடுத்த பெயர் கலைமணி.

இரண்டு பேரும் ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரே ஊர். ஜெயசித்ரா ஊருக்குள்ளே, கலைமணி காலனி. ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வந்தும் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கிடையாது. ஜெயசித்ராவின் அப்பா சிங்காரவேலுவின் முந்திரிக்காட்டுக்கு, பருவத்தில் கொட்டை பொறுக்கப் பெண்களைத் திரட்டி அழைத்துப்போவது அம்சவள்ளி. இங்கே விடுதிக்கு வந்த பிறகுதான் பிள்ளைகள் ஒரே அறையில் படுத்து, ஒரே எண்ணெய் பாட்டிலைச் சாய்த்து, ‘டீ’ போட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

தப்பு என்று பார்த்தால் ஜெயசித்ராவின் தப்புதான். புது யூனிபார்மும் வெள்ளை ஏப்ரனும் அவளுக்கு எடுப்பாக இருந்தன. அவள் குனிந்து பேசினில் பாதம் கழுவுவதை ஒரு பெண் போட்டோ எடுத்துக் கொடுக்க, சாயங்காலம் அதை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். தன் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்தாளே ஒழிய, கையில் இருப்பது யார் கால் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. போட்டோவில் கலைமணியின் முகம் இல்லை. முட்டிக்குக் கீழே மட்டும் இருந்தது.

ஊரில் ஜெயசித்ராவின் அத்தை பார்த்துவிட்டாள். யார் கால் அது, கூடப் படிக்கிறது யார் யார், காலனிப் பெண் ஒன்று அங்கேதானே இருக்கிறது என்று விசாரணை கிளம்பிவிட்டது.

“நல்லவேள, அந்தப் பாப்பா புத்திசாலி,” என்றாள் அம்சவள்ளி. “அது பொம்மக் காலுன்னு சொல்லிடுச்சாம். வூட்டுல பாதி நம்பிட்டாங்க. இன்னிக்கு ஐயா வர்றாராம், நேர்ல கேக்க. ஒன்னயும் கேப்பாரு. நீயும் பொம்மன்னு சொல்லிடு. முடிஞ்சு போச்சு.”

“என் கால நானே பொம்மன்னு சொல்லணுமா?”

“சொன்னா என்ன, கால் தேஞ்சா போயிடும்?”

“போன வாரம் அவ படுத்தா, நான் கழுவுனேன். அதுக்கு யாரும் விசாரணைக்கு வரலயே.”

“அதுக்கு எதுக்குடி வரணும்?” அம்சவள்ளி நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு புரிந்து, குரலை இறக்கினாள். “கலை, நான் சொல்றதக் கேளு. பருவம் ஆரம்பிக்கப் போவுது. என்ன நம்பிக் காலனியில அத்தன பொம்பளைங்க இருக்காங்க. அவரு ஒரு வார்த்த, இந்த வருசம் வேற ஆள் பாத்துக்குறேன்னுட்டா, நான் யாரு மூஞ்சியில முழிப்பேன்? நீ பாட்டுக்கு ரோசமா பேசிட்டு இங்க மேல போயிப் படுத்துக்குவ.”

அம்மா சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கலைமணிக்கு எரிச்சலாக இருந்தது.

மாடிப்படியில் தடதடவென்று ஜெயசித்ரா இறங்கி வந்தாள். தலைகூடச் சீவவில்லை.

“கலை, அப்பா கேட்டுக்கு வந்துட்டாரு. அத்தை, நீங்க சொல்லிட்டீங்களா இவகிட்ட?”

அத்தை என்று கூப்பிட்டதில் அம்சவள்ளி திடுக்கிட்டாள். “அப்படியெல்லாம் கூப்புடாத பாப்பா, அவரு வர்ற நேரத்துல.”

“நீ ஏண்டி பொம்மன்னு சொன்ன?” என்றாள் கலைமணி.

“வேற என்ன சொல்லச் சொல்ற? எங்க அத்த, நர்சிங்கும் வேணாம் ஒண்ணும் வேணாம், கூட்டிட்டு வந்து எம்மவனுக்குக் கட்டி வைன்னு நிக்குது. அதுக்கு ஒரு சாக்கு வேணும், இது கெடச்சிருச்சு. அவன் மூஞ்சிய நீ பாத்ததில்ல.”

“பாத்திருக்கேன். பஸ்ஸுல தொங்கிட்டு வருவான்.”

“அவனேதான்.” ஜெயசித்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “எனக்காகச் சொல்லுடி. பரீட்சைக்கு வேணும்னா தெனம் நானே படுத்துக்குறேன், நீயே நர்சா இரு.”

“அப்புறம் நீ எப்படிக் கத்துக்குவ? மேடம் கேட்டா என்ன சொல்லுவ? எங்க ஊருல திட்டுவாங்க, நான் கால் கழுவ மாட்டேன்னா?”

“அத அப்பப் பாத்துக்கலாம். கால உள்ள இழுத்துக்க. போட்டோல கயிறு தெரியுது.”

கலைமணி பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். வலது கணுக்காலில் கறுப்புக் கயிறு. கல்லூரியில் சேர்ந்த அன்று விடியற்காலையில், மாரியம்மன் கோயில் வாசலில் அம்சவள்ளி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மகளின் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக் கட்டிய கயிறு. யாராவது பார்க்கப் போகிறார்கள், சீக்கிரம் கட்டும்மா என்று கலைமணி நெளிந்தாள். வளையல், கொலுசு, மருதாணி எல்லாவற்றுக்கும் இங்கே தடை. இது மட்டும் வெள்ளை சாக்ஸுக்குள் ஒளிந்து தப்பித்துக்கொண்டு வந்தது. குளியல் வகுப்பில் சாக்ஸைக் கழற்றியபோது லீலாவதி மேடம் பார்த்தார். வார்டில் இது வெளியே தெரியக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

“போட்டோவுல கயிறு இருக்கா?” என்றாள் அம்சவள்ளி. அவளுடையது பட்டன் போன். அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை.

“கயித்துக்கு நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்,” என்றாள் ஜெயசித்ரா.

சிங்காரவேலு ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தார். அம்சவள்ளி நாற்காலியை விட்டு எழுந்தாள். எழ வேண்டும் என்று யோசித்து எழுந்ததாகத் தெரியவில்லை. மழை வந்தால் கொடியில் துணி எடுக்க ஓடுவதைப் போல எழுந்தாள்.

“என்ன அம்சு, நீயும் வந்திருக்கியா. சொல்லியிருந்தா வண்டியிலயே வந்திருக்கலாமே.”

“பஸ்ஸுலயே வந்துட்டேங்கய்யா. அரியலூர்ல எறங்கி மாறுனேன்.”

“ஒக்காரு, ஒக்காரு,” என்று சொல்லிக்கொண்டே அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“கலைமணிதான? நல்லா வளந்துட்ட. நல்லாப் படிக்கிறியா?”

“படிக்கிறேங்க.”

மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களையெல்லாம் கலைமணி அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். இவரைக் கூப்பிட அவளிடம் சொல் ஒன்றும் இல்லை. அம்மா சொல்லும் சொல் வாயில் வரவில்லை.

அவர் பையிலிருந்து அதிரசப் பொட்டலத்தை எடுத்து ஜெயசித்ராவிடம் கொடுத்து, “ரெண்டு பேரும் சாப்புடுங்க” என்றார். கோபமாக வந்த ஆள்போலவே இல்லை. கோபமாக வந்திருந்தால் கலைமணிக்கு எளிதாக இருந்திருக்கும்.

“எங்க அக்கா என்னத் தூங்க விடல,” என்று போனை எடுத்தார். “இவ பொம்மன்னு சொல்றா. பொம்மன்னா எனக்கும் நிம்மதிதான். ஆனா, அவ பொய் சொல்றா, நீ நேர்ல போயிக் கேளுன்னு அது ஒத்தக் கால்ல நிக்குது. நாலு பேரு என்னக் கேக்குறாங்க, நான் ஒரு பதில் சொல்லணுமில்ல?” படத்தைப் பெரிதாக்கி, கலைமணியின் பக்கம் திருப்பினார். “நீ சொல்லும்மா. ஒன்ன நான் நம்புறேன். இது பொம்மதான?”

பின்னாலிருந்து அம்மாவின் கை தோளில் வந்து விழுந்தது. அழுத்தவில்லை, கிள்ளவில்லை. சும்மா இருந்தது. காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்த கை.

“பொம்மதாங்க,” என்றாள் கலைமணி.

அவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை. ஜெயசித்ரா மூச்சு விட்டது கேட்டது.

“பேருகூட இருக்குப்பா, சரோஜான்னு,” என்றாள் ஜெயசித்ரா.

“சரோஜாவா!” சிங்காரவேலு சிரித்தார். போனை மடியில் வைக்கப் போனவர் மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். “எல்லாம் சரி. பொம்மக் கால்ல எதுக்குக் கயிறு? அக்கா அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. பாரு அம்சு, நீயே பாரு, கயிறுதான இது?”

போன் அம்சவள்ளியின் முகத்துக்கு நேராக வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பேசின், சோப்பு நுரை, கணுக்காலைத் தாங்கிப் பிடித்த ஜெயசித்ராவின் கை, அதற்கு மேலே அந்தக் கயிறு.

“கயிறுதாங்கய்யா,” என்றாள்.

“அதாம்ப்பா,” என்று ஜெயசித்ரா முந்திக்கொண்டாள். சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைப் போல விறுவிறுவென்று வந்தது. “அது சும்மா குப்பையில கெடந்த கயிறுப்பா. சீனியருங்க விளையாட்டுக்குக் கட்டி விட்டது. மேடம்கூட, அந்தக் குப்பைய அவுத்துப் போடுங்கன்னு திட்டுனாங்க. நாங்கதான் மறந்துட்டோம்.”

“அதானே பாத்தேன்.” சிங்காரவேலுவின் முகம் தெளிந்தது. “படிக்க வந்த எடத்துல கண்ட குப்பையயும் பொறுக்கியாந்து கட்டி விளையாடுறீங்க. சரி, அக்காகிட்ட சொல்லிடுறேன். முடிஞ்சது போ. அதிரசத்தப் பிரி.”

ஜெயசித்ரா பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள். கலைமணிக்கு ஒன்றை எடுத்து நீட்டினாள். கலைமணி வாங்கி, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டாள். நாற்காலிக்கு அடியில் அவளுடைய இடது பாதம் வலது கணுக்காலை மூடிக்கொண்டிருந்தது.

தோளில் இருந்த கை எடுபட்டது. கலைமணி திரும்பிப் பார்த்தாள். அம்சவள்ளி நாற்காலிக்குப் பின்னாலிருந்து நகர்ந்து, சிங்காரவேலுவுக்கு எதிரில் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அம்மா, வேணாம்,” என்றாள் கலைமணி.

“என்ன அம்சு?” என்றார் சிங்காரவேலு, அதிரசத்தை மென்றபடி.

“அது குப்பையில கெடந்த கயிறு இல்லீங்கய்யா. எம்புள்ளைக்கு நான் கட்டுனது.”